அண்ணனுக்குத் தம்பியாக மட்டும் இருந்து அலுத்தவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலையில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறவன். பாடத்தில் சந்தேகம் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். மற்றவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் உண்மையான கேள்வி வரும். அதில் அண்ணனைப் பற்றியது நிறைய. கீழே இருப்பவற்றில் சில தாய் தகப்பன்மார் கேட்டவை. திரும்பத் திரும்பச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது சுகம். நானும் வீட்டில் இரண்டாவது பிள்ளைதான், ஆகவே முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மூத்த பிள்ளைக்குத்தான் மூளை அதிகம் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே?

கொஞ்சம் சொல்கிறது, உங்கள் மாமா சொல்கிற அளவுக்கு இல்லை. இராணுவ சேவைக்குப் போன நோர்வே இளைஞர்கள் 2 இலட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல் எழுதிய நுண்ணறிவுப் பரீட்சையை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. மூத்தவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையில் சராசரியாக இரண்டு புள்ளி சொச்சம்தான் வித்தியாசம். அது சராசரிதான், தம்பி அண்ணனைத் தாண்டிய வீடுகளும் அதற்குள் ஏராளம். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அண்ணன் சின்ன வயதிலேயே இறந்துபோக, வீட்டில் மூத்தவனாக வளர்ந்த இரண்டாம் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களின் புள்ளி மூத்த பிள்ளைகளின் புள்ளியோடு ஒத்துப்போனது. முதலில் பிறந்ததால் மூளைக்குள் ஏதோ கூடிவிடுகிறது என்றால் இப்படி வந்திருக்காது. வீட்டில் எந்த இடத்தில் வைத்து வளர்க்கிறார்கள் என்பதுதான் காரணம்.

குணத்தைக் கேட்டால் அதுவும் இல்லை. 2015இல் அமெரிக்காவில் 3 இலட்சத்து 77 ஆயிரம் உயர்பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. மூத்தவன் பொறுப்பானவன், இளையவன் குழப்படிக்காரன் என்பதெல்லாம் வீட்டுக் கதை. “மூத்தது மோழை, இளையது காளை” என்ற பழமொழியும் அதோடு சேர்ந்து விழுகிறது. நமக்குச் சாதகம் என்பதற்காக அதை மட்டும் பிடித்துக்கொள்ள ஏலாது.

பள்ளிக்கூடத்தில் என் பெயரே யாருக்கும் தெரியாது. “நீ அவர்ர தம்பிதானே?” என்றுதான் தொடங்குகிறார்கள். என்ன செய்வது?

முதலில் சொல்கிற ஆளைப் பாருங்கள். சிலர் ஞாபகத்துக்காகச் சொல்கிறார்கள். இருபது வருடமாகப் படிப்பிக்கிற ஒரு சேருக்கு ஆயிரக்கணக்கான முகங்கள். உங்கள் முகத்தில் அண்ணனின் சாடையைக் கண்டால் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைத்த சந்தோசம் அவருக்கு. அதில் கோபப்பட ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

வேறு சிலர் அளப்பதற்குச் சொல்கிறார்கள். “உங்கட அண்ணா எவ்வளவு கெட்டிக்காரன், நீ ஏன் இப்பிடி?” என்பது அந்த வகை. இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் வேண்டாம், வகுப்புக்கு முன்னால் எதிர்த்துப் பேசவும் வேண்டாம். வகுப்பில் பேசினால் சேருக்கு விட்டுக்கொடுக்க வழியில்லாமல் போகும். இடைவேளையில் தனியாகப் போய், “சேர், அண்ணா கெட்டிக்காரர்தான். என்ர பேப்பரை என்ர போன தவணைப் பேப்பரோட வைச்சுப் பார்த்துச் சொல்லுங்கோ” என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வசனமும் தேவையில்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் இப்படிக் கேட்டால் உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கப்படுவார்கள்.

அப்புறம், ஆட்கள் ஒரு பட்டத்தை மறக்க வேண்டுமானால் அந்த இடத்தில் வைக்க இன்னொன்று வேண்டும். திருகோணமலை நகரம் சின்னது. டச்சு பே கடற்கரையில் பின்னேரம் கச்சான் வாங்கி முடிப்பதற்குள் தெரிந்த முகம் ஐந்தாறு பார்த்துவிடலாம். இப்படிப்பட்ட ஊரில் அண்ணனின் பெயர் பரவிய அதே வேகத்தில் உங்கள் பெயரும் பரவும். பெரிய சாதனை ஏதும் வேண்டியதில்லை, அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு வேலை போதும். இல்ல விளையாட்டுப் போட்டியில் மைக் பிடிக்கலாம், ஏகாம்பரம் மைதானத்தில் மேட்ச் நடக்கும்போது ஸ்கோர் எழுதலாம், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரருக்குக் கைகொடுக்கலாம். அண்ணன் ஒரு நாளும் செய்யாத வேலையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அது ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

அண்ணன் பயோ செய்து மருத்துவ பீடத்துக்குப் போனார். நான் வேண்டுமென்றே ஆர்ட்ஸ் எடுக்கப் போகிறேன். சரிதானே?

அண்ணன் என்று ஒருவர் பிறக்காமலே இருந்தால் என்ன எடுத்திருப்பீர்கள்? அதற்கும் பதில் ஆர்ட்ஸ்தான் என்றால் தாராளமாகப் போங்கள், வீட்டில் நான் வேண்டுமானாலும் வந்து கதைக்கிறேன். பதில் வர நேரம் எடுத்தால் கொஞ்சம் பொறுங்கள்.

சகோதரர்கள் ஒருவருக்கொருவர் எதிராகத் தங்களை வரைந்துகொள்வது உளவியலில் தெரிந்த விஷயம். 1976இல் பிரான்சிஸ் ஷாக்டரும் கூட இருந்தவர்களும் அதைப் பற்றி எழுதினார்கள். முதல் இரண்டு பிள்ளைகளிடையே, அதிலும் இருவரும் ஆணாகவோ இருவரும் பெண்ணாகவோ இருந்தால், இது கூடுதலாகத் தெரிந்தது. வீட்டில் சண்டை குறைவதற்கு நல்ல வழிதான். ஆனால் அண்ணன் கிழக்கே போனால் நான் மேற்கே என்கிறவனுக்கும் திசையைச் சொல்கிறவர் அண்ணன்தான். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல நினைப்பது கிட்டத்தட்ட இது ஒன்றைத்தான்.

நம்ம ஊர்க் கதையையே எடுங்கள். கோணேசர் கோயிலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் காட்டுகிறோம். கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அவன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்கிறோம். அந்த இராவணன் ஒரு தம்பி என்பது யாருக்கும் நினைவில் வருவதில்லை. மூத்தவன் குபேரன், தகப்பன் ஒருவர், தாய் வேறு. இலங்கையும் புஷ்பக விமானமும் முதலில் குபேரனிடம்தான் இருந்தன. ஒருநாள் தாய் கைகசி மகனைக் கூப்பிட்டு, உன் அண்ணனைப் பார், அவனைப்போல நீயும் வா என்று காட்டினாள் என்கிறது உத்தரகாண்டம். அதன் பிறகுதான் தவம், வரம் எல்லாம். கடைசியில் அண்ணனின் ஊரையும் விமானத்தையும் பறித்தான். பத்துத் தலையும் சேர்ந்து யோசித்தும், அண்ணன் கையில் இருந்ததைவிட வேறு ஒன்றை ஆசைப்பட அவனுக்குத் தோன்றவில்லை. பறித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் அவன் குபேரனின் தம்பிதான்.

ஆகவே சோதனை இலகுவானது. அண்ணன் எடுத்ததையே எடுத்தாலும் பரவாயில்லை, எடுக்காததை எடுத்தாலும் பரவாயில்லை. காரணத்தைச் சொல்லும்போது வாயில் அண்ணன் வருகிறாரா என்று மட்டும் பாருங்கள். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிந்த கையோடு, நினைத்த பிரிவின் பாடப் புத்தகத்தை வாங்கி இரண்டு அலகை நீங்களே வாசியுங்கள். ஒரு கிளாசில் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போக ஏ.எல். மூன்று தடவைதான் எழுதலாம் என்பதால் வீம்புக்கு எடுத்த பிரிவு வருடங்களைத் தின்னும். கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை என்பவற்றோடு கதை முடிவதும் இல்லை. 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) வழியாகத் தொழிற்பயிற்சிக்கும் போகலாம். பயோவே பிடிக்கிறது என்றால் பயோவே செய்யுங்கள். அண்ணனின் நோட்ஸ் கொப்பியை வாங்கிக்கொள்ளவும் வெட்கப்பட வேண்டாம்.

நானும் அண்ணனும் ஒரே விளையாட்டு. அவர் விளையாடிய அதே அணி. நான் விட்டுவிடவா?

விடாதீர்கள். கிரிக்கெட்டில் சாப்பல் சகோதரர்களின் கதை இதற்கு நல்லது. அண்ணன் இயன் அவுஸ்திரேலியாவின் தலைவராக இருந்தவர். தம்பி கிரெக் 1970இல் பேர்த்தில் தன் முதல் டெஸ்ட் போட்டியிலேயே சதம் அடித்தார். 1975இல் அண்ணனுக்குப் பிறகு தலைவராகி, பிரிஸ்பேனில் ஆடிய முதல் டெஸ்டில் இரண்டு இன்னிங்சிலும் சதம். முடிவில் இயனுக்கு 14 டெஸ்ட் சதம், கிரெக்குக்கு 24. ஒரே வீடு, ஒரே விளையாட்டு, ஒரே பதவி, ஆனாலும் ஒருவரை மற்றவரின் நகல் என்று யாரும் சொல்வதில்லை.

அதே வீட்டில் இன்னொரு தம்பி இருந்தார், ட்ரெவர். 1981 பெப்ரவரி 1, மெல்பேர்ன். சமப்படுத்த நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் ஒரு சிக்சர் வேண்டும். தலைவர் கிரெக் சொன்னபடி ட்ரெவர் பந்தைக் கீழ்க்கையால் தரையில் உருட்டிவிட்டார். மட்டை வீச்சே இல்லாமல் போட்டி முடிந்தது. அன்றைய விதியில் அது தப்பில்லை, ஆனால் ட்ரெவரின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அந்த ஒரு பந்துதான் ஞாபகம் வருகிறது. அண்ணன் விளையாடிய விளையாட்டை விளையாடுவதில் ஆபத்து குறைவு. அண்ணன் சொல்லிவிட்டார் என்பதற்காக, உங்களுக்கே சரி என்று படாத ஒன்றைச் செய்வதில்தான் ஆபத்து.

அண்ணன் கட்டாரில் நின்று என் படிப்புக்குக் காசு அனுப்புகிறார். அவர் சொல்வதை மீறி என் வழியில் எப்படிப் போவது?

வருகிற கேள்விகளில் இதுதான் கஷ்டமானது. இங்கே பல வீடுகளில் கதை இப்படித்தான் போகும். அக்காவுக்கோ தங்கச்சிக்கோ சீதன வீடு கட்ட வேண்டும், அப்பாவுக்கு வருமானம் போதாது, அண்ணன் ஓ.எல்.லோடு நிறுத்திவிட்டு வெளிநாடு போவார். மிச்சக் காசில் தம்பி படிப்பான். அண்ணனை வில்லனாக நினைக்கவும் முடியாது, அவர் கோடு போட்ட இடத்தில் நிற்கவும் மனம் வராது.

காசுக்காக நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியவை சில உண்டு. கணக்கு, உண்மையான ரிசல்ட்ஸ், காசை வீணாக்காமை. கொடுக்க முடியாத ஒன்றும் உண்டு. அவர் வாழாமல் விட்ட வாழ்க்கையை நீங்கள் வாழ்ந்து காட்டுவதாக வாக்குக் கொடுக்க ஏலாது. பல அண்ணன்மார் தம்பியை எஞ்சினியராக்க நிற்பதற்குக் காரணம் அவர்களே எஞ்சினியராக ஆசைப்பட்டதுதான். இதை அவரிடமே கேட்கலாம். “அண்ணா, நீங்க தொடர்ந்து படிச்சிருந்தா என்ன படிச்சிருப்பீங்க?” என்று கேளுங்கள். சண்டைக்கு ஆயத்தமாகப் போனவர்கள்கூட இந்தக் கேள்வியோடு ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

முடிவைச் சொல்வதற்கு நேரம் பாருங்கள். வேலை முடிந்து களைத்து வந்தவருக்கு வாட்ஸ்அப்பில் நீளமான வொய்ஸ் மெசேஜ் போடாதீர்கள். கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், ஆகவே நம்ம மத்தியானம் அவருக்குக் காலை. கையில் ஒரு கடதாசியும் இருக்கட்டும். என்ன படிப்பு, எத்தனை வருடம், மாதம் எவ்வளவு செலவு, சரிவராவிட்டால் அடுத்தது என்ன என்று எழுதி வையுங்கள். “எனக்குப் பிடிக்கேல்ல” என்பது உணர்ச்சி, கடதாசியில் இருப்பது திட்டம். காசு அனுப்புகிறவர் திட்டத்தோடுதான் பேரம் பேசுவார். கூடவே சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாவது உங்கள் பஸ் காசையும் போன் காசையும் நீங்களே பாருங்கள். தொகை சின்னதுதான், ஆனால் குரல் மாறும்.

களவாக மட்டும் எதையும் செய்ய வேண்டாம். அவரது கேம்பில் நம்ம ஊர்க்காரர் ஒருவராவது இருப்பார், உங்களுக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

அப்பாவின் வள்ளமும் எஞ்சினும் அண்ணன் கையில். நான் கூலிக்கு நிற்கிறவன் மாதிரி இருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பிரியுங்கள், வள்ளத்தைப் பிறகு பார்க்கலாம். தம்பி என்றால் கைச்செலவுக்குக் காசு, வெளியாள் என்றால் பங்கு என்பது பல வீடுகளில் வழக்கம். உங்களுக்கும் பங்கு என்று பேசி, எண்ணெய்ச் செலவு, வலைச் செலவு, விற்ற காசு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் இரண்டு பேரும் பார்க்கிறமாதிரி எழுதுங்கள். “தம்பி உள்ளான் படைக்கு அஞ்சான்” என்பார்கள், படையில் நிற்கிற தம்பிக்கும் சம்பளம் வேண்டும்.

அடுத்தது, காலத்தைப் பிரிக்கலாம். நம்ம பக்கக் கடல் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை அமைதி, மாரியில் கொந்தளிப்பு. அந்த அமைதியான மாதங்களில்தான் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெளிநாட்டார் வருகிறார்கள், புறாத்தீவுக்குப் படகு ஓடுகிறது. அண்ணனுக்கு மீன்பிடிதான் பிடிக்கும் என்றால், ஆட்களை ஏற்றுகிற ஓட்டத்தை உங்கள் பொறுப்பில் கேட்டுப் பாருங்கள். புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. நுழைவுச் சீட்டு உண்டு, பவளப்பாறையில் மிதிக்கக் கூடாது. அந்த விதிகளையும் கொஞ்சம் ஆங்கிலமும் சிங்களமும் படித்துக்கொண்டால், அண்ணனுக்குத் தெரியாத ஒரு பக்கம் அந்தத் தொழிலிலேயே உங்களுக்கு வந்துவிடும்.

வீடு வாசல், காணி எல்லாம் மூத்தவருக்குத்தானா?

இல்லை. பொதுச் சட்டப்படி தாய் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகளுக்குச் சம பங்கு, மூத்தவர் என்பதற்காக ஒரு பேர்ச் காணிகூட அதிகம் கிடையாது. முஸ்லிம் குடும்பங்களுக்கும், யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டு தேசவழமைக்குள் வருகிறவர்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிவிட்டால் கதை வேறு, ஆகவே உறுதியை ஒரு நொத்தாரிசிடம் காட்டிக் கேளுங்கள். “அண்ணன் எப்போ சாவான், திண்ணை எப்போ காலியாகும்” என்று காத்திருக்கத் தேவையே இல்லை.

அண்ணன் உயிரோடு இல்லை. படமாகச் சுவரில் இருக்கிறார். படத்தோடு எப்படிப் போட்டி போடுவது?

இந்த மாவட்டத்தில் இப்படி வீடுகள் நிறைய. சிலரைப் போர் கொண்டுபோனது, சிலரை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனது. சிலர் எங்கே என்றே தெரியாது. படத்தில் இருக்கிற அண்ணன் பரீட்சையில் குண்டடிப்பதில்லை, தாயோடு வாய்க்கு வாய் பேசுவதில்லை. அவருக்கு வயதும் போவதில்லை. அவரோடு போட்டி போட்டால் தோல்விதான், ஆகவே போட்டியே வேண்டாம்.

அவரை ஆளாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய கூட்டாளிமார் ஊரில் யாராவது இருப்பார்கள். அண்ணன் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டார், யாரிடம் அடி வாங்கினார், எந்தப் படத்துக்குக் களவாகப் போனார் என்று கேளுங்கள். அம்மா சொல்லாத கதைகள் அங்கே இருக்கும். குழப்படி செய்த ஓர் அண்ணன் கிடைத்துவிட்டால், அவருக்குப் பக்கத்தில் நிற்பது அவ்வளவு கஷ்டமாக இராது. அவர் விட்டுப்போன கனவை நீங்கள் முடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன அதே சோதனை: அவர் இல்லாவிட்டாலும் அது உங்களுக்கு வேண்டுமா?

திவச நாளில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். காணாமல் போனவரின் வீட்டில் திவசமும் இல்லை, முடிவும் இல்லை. அங்கே அம்மா காத்திருப்பதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமை கிடையாது. நீங்கள் படிக்க, வேலைக்குப் போக, கலியாணம் செய்ய அவருடைய காத்திருப்பு தடையாக வரும்போது மட்டும் மெல்லக் கதையுங்கள். பெரியம்மாவையோ அம்மம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அண்ணனுக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்ற நினைப்பு விடாமல் வந்தால், அதை ரியூசன் வாத்தியிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டாம். 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. அரசாங்க ஆசுபத்திரியின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

தங்கச்சிமாருக்கும் இதே பதில்கள்தானா?

ஒப்பிடுகிற தொல்லைக்கு ஆம். ஆனால் அண்ணன் தங்கச்சிக்குக் காவலாகவும் வந்து நிற்கிறார், போதாக்குறைக்கு அவருடைய கூட்டாளிமாரும் சந்திக்குச் சந்தி நிற்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதலில் கிளாசுக்குத் தனியாகப் பஸ்ஸில் போய் வருவது, அது பழகிய பிறகு அடுத்தது. அண்ணனிடம் நேரே கேட்பதற்கு முன் அம்மாவை உங்கள் பக்கம் எடுங்கள். அவரும் யாருக்கோ தங்கச்சியாக வளர்ந்தவர்தான்.

கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டால் சரியாகிவிடுமா?

கொஞ்ச நாளைக்குச் சுகமாக இருக்கும். பிறகு வெள்ளவத்தையிலும் ஸ்கார்பரோவிலும் ஒரு திருகோணமலைக்காரர் எதிரே வந்து, “நீர் அவர்ர தம்பி எல்லோ?” என்பார். படிப்புக்கோ வேலைக்கோ போக வேண்டுமானால் போங்கள்.

தாய் தகப்பனாக, ஒப்பிடாமல் இருக்க எங்களால் முடியவில்லையே?

மனதுக்குள் ஒப்பிடுவதை யாராலும் நிறுத்த முடியாது, வாயை நிறுத்தலாம். “அண்ணா உன்ர வயசில” என்று தொடங்குகிற வசனத்தை வீட்டில் தடை செய்யுங்கள். இரண்டு பேரின் தேர்ச்சி அறிக்கையையும் ஒரே இருப்பில் விரித்து வைக்காதீர்கள். அண்ணனின் சேர்ட்டும் சைக்கிளும் தம்பிக்கு வருவது வசதி கருதித்தான், அது பிழையில்லை. ஏதாவது ஒன்றையாவது அவனுக்கென்று புதிதாக வாங்கிக் கொடுங்கள். முக்கியமாக, தம்பியை உற்சாகப்படுத்த அண்ணனைக் குறைத்துப் பேசாதீர்கள். அதுவும் அதே தராசுதான், தட்டு மட்டும் மாறியிருக்கிறது.

நான் அண்ணனைத் தாண்டிவிட்டேன். இப்போது அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பல வருடம் ஊர் கொடுத்த இடம் அவருடையது. அதை நீங்கள் பறிக்கவில்லை என்றாலும் அது போய்விட்டது அவருக்குத் தெரியும். கொஞ்சக் காலம் விடுங்கள். சபையில் அவரைப் புகழ்ந்து சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள், இரக்கம் காட்டுகிறீர்கள் என்று நினைப்பார். அவருடைய பிள்ளைகளின் ரியூசன் காசை நான் கட்டுகிறேன் என்றும் உடனே போய் நிற்க வேண்டாம்.

மாறாக அவரிடம் ஏதாவது கேளுங்கள். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது பார்க்கக் கூப்பிடலாம், சாம்பல்தீவுப் பக்கம் காணி பார்க்கப் போனால் கூட்டிக்கொண்டு போகலாம், கொத்தனார் சொல்கிற விலை சரியா என்று விசாரிக்கலாம். உங்களுக்கு மெய்யாகவே தெரியாத விஷயமாகப் பார்த்துக் கேளுங்கள். தெரிந்ததையே தெரியாததுபோலக் கேட்டால் அண்ணன்மாருக்கு உடனே பிடிபட்டுவிடும்.